கீழே ஒன்று, என்டர் இரண்டு

1

இந்தக் கதையை நானே கற்பனை செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் என் தம்பி மகள் ஒரு கணினி நிரலில் ஒரே ஒரு வரியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தினாள். அதிலிருந்துதான் இது பிறந்தது. அவள் நகர்த்தியது அன்பினால். அன்பினால் நேர்ந்த தவறை எழுதுவது சிரமமான வேலை. திட்டுவதற்கு ஆள் கிடைப்பதில்லை.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

கறுப்புத் திரையில் நீலப் பட்டை ஒன்று, விதியின் சுட்டுவிரலைப் போல மெல்லக் கீழே இறங்கி—

[இதை நானே நிறுத்திவிட்டேன். கடவுளை நம்புகிறவன் விதியின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நழுவக் கூடாது. தவிர, அந்தப் பட்டை மெல்ல இறங்கவில்லை. டக்கென்று இறங்கியது.]

பிறவியிலேயே பார்வை இல்லாத அவர்—

[இதை நிறுத்தியது அவரேதான். படித்துக் காட்டியபோது கையை உயர்த்தினார். "என்னை அங்கேருந்து தொடங்காதீங்க சார். காலைல கண் முழிச்சதும் நான் அங்கேருந்து தொடங்குறதில்ல. காபியிலேருந்துதான் தொடங்குறேன்."]

ஆகவே மூன்றாவது தொடக்கம்: அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

2

அவர் காபி குடித்துக்கொண்டிருந்த இடம் ஓர் ஒலிநூலகம். கண்ணால் படிக்க முடியாதவர்களுக்காகப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து தரும் இடம். மாடியில் இரண்டே அறைகள். ஒன்றில் சுவரெல்லாம் பழைய கம்பளம் ஒட்டி, நடுவில் ஒலிவாங்கி வைத்திருக்கும். அங்கே உட்கார்ந்து நாங்கள் படிப்போம். மற்ற அறையில் ஒரு நீள மேசை, கணினிகள், ஜன்னலோரம் வெந்நீர்க் கெட்டில். படிக்க வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் போல நேரம் இருக்கும்போது வருகிறவர்கள். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் இருவர்.

அவர்களில் ஒருவர் இந்தக் காபிக்காரர். நாங்கள் படித்ததை எல்லாம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பது அவர் வேலை. ஒரு சொல் விழுங்கப்பட்டிருந்தால், தாள் சரசரத்தால், நாற்காலி முனகினால் கண்டுபிடித்துவிடுவார். கேட்டு முடித்ததும் ஒரே வார்த்தையில் தீர்ப்பு வரும்: "செல்லும்" அல்லது "செல்லாது". அதனால் அவருக்கு நடுவர் என்று பெயர். என்னுடைய முதல் பதிவைக் கேட்டுவிட்டு, "சார், ரெண்டாம் பக்கத்துல கதாநாயகி அழும்போது உங்க வயிறு ஒரு கருத்து சொல்லுது. செல்லாது. அடுத்த தடவை சாப்பிட்டுட்டு வாங்க," என்றார். அன்றிலிருந்து நாங்கள் நண்பர்கள்.

இன்னொருத்தி என் தம்பி மகள். கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். எனக்கு அவள் குழந்தை, உலகத்துக்குப் பொறியாளர். நடுவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவர் அவளை நல்ல மனநிலையில் இருந்தால் தங்கச்சி என்பார், வம்புக்கு இழுக்க வேண்டுமென்றால் பொறியாளரம்மா என்பார்.

மூன்றாவது ஆள் டீச்சர். ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. ஒரு பெரிய குடும்பத்தின் நான்கு தலைமுறைகளைச் சொல்லும் தடித்த நாவலை ஒரு வருடமாக எங்களுக்குப் படித்துக்கொண்டிருந்தார். சோதனைச் சாலையில் அமிலம் ஊற்றும்போது மாணவர்களிடம் பேசுவாரே, அதே நிதானம், அதே தெளிவு. கேட்கிறவர்கள் அடுத்த அத்தியாயம் எப்போது என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவருக்குத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் இருக்கும், ஆனால் இந்தக் குரலாக இருக்காது என்றார்கள். டீச்சர் மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய நாள் வந்து கடைசி அத்தியாயத்தைப் படித்து முடித்துவிட்டு, ஒலிவாங்கியின் தலையில் ஒரு மாணவனைத் தட்டிக்கொடுப்பது போலத் தட்டிவிட்டுப் போனார்.

இந்தக் கதை அந்தக் கடைசி அத்தியாயத்தைப் பற்றியது. அது பிழைக்குமா என்பதுதான் கேள்வி. வேறு எதைப் பற்றி நான் பேசினாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

3 (முதலில் இது ஐந்தாம் பகுதியாக இருந்தது)

[வாசகருக்கு வசதியாக இருக்கட்டும் என்று இந்தப் பகுதியை மேலே கொண்டுவந்தேன். அதனால் மற்றவை எல்லாம் ஒரு படி கீழே இறங்கிவிட்டன. நான் பழைய எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு தேடி, ஒரு நல்ல பத்தியை நானே அடித்து நீக்கிவிட்டேன். ஏன் இதைச் சொல்கிறேன் என்பது சீக்கிரம் புரியும்.]

நடுவரின் கணினி பழையது. படங்களும் ஜன்னல்களும் இல்லாத கறுப்புத் திரை. எழுத்தால் ஆணையிட்டால் எழுத்தால் பதில் வரும். அந்தத் திரையில் வரும் எழுத்தை ஓர் இயந்திரக் குரல் அவர் காதில் வாசித்துவிடும். அடிக்கடி தேவைப்படும் ஆணைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்துவிட்டால் கணினி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும். அதற்குத்தான் ஷெல் ஸ்கிரிப்ட் என்று பெயர். அது நம்மிடம் ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் ஒரு பட்டியலைக் காட்டும். அது மெனு. ஹோட்டலில் கொடுப்பதும் மெனுதான். வித்தியாசம் என்னவென்றால் இங்கே கேட்டது உடனே வந்துவிடும், திருப்பி அனுப்ப முடியாது.

யாரோ எப்போதோ எழுதி வைத்துவிட்டுப் போன பழைய மெனு இப்படி இருந்தது:

1) அழி
2) சேமி
3) திருப்பு
4) மறுபடி கேள்
5) வெளியேறு
எண்?

அகர வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும்விட ஆபத்தானது தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அது யாரையும் உறுத்தவில்லை. இயந்திரக் குரல் ஐந்து வரிகளையும் வாசிக்கும், நடுவர் 2 என்று அடித்து என்டர் தட்டுவார், பதிவு பேழைக்குப் போய்விடும். பேழை என்பது செல்லும் என்று தீர்ப்பான பதிவுகள் சேரும் இடம்.

என் தம்பி மகள் வேலைக்கு வந்தாள். இந்த மெனுவைப் பார்த்தாள். "அண்ணா, இது கற்காலம்," என்றாள். இப்போதெல்லாம் இதற்கென்றே அழகான கருவிகள் இருக்கின்றனவாம். எண் அடிக்க வேண்டாம். ஒரு நீலப் பட்டை முதல் வரியின் மேல் நிற்கும். அம்பு விசையை அழுத்தினால் வரிவரியாக இறங்கும். வேண்டிய இடத்தில் என்டர். அவள் ஒரு வாரம் தன் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து அதைச் செய்தாள். ஒருநாள் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திக் காட்டினாள். நீலப் பட்டை இறங்கியது, ஏறியது. சேமித்து முடித்ததும் "டிங்" என்று ஒரு மணி. நாங்கள் கை தட்டினோம்.

"அண்ணா, எப்படி இருக்கு?"

நடுவர் விசைகளைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்சம் கேட்டார். பிறகு, "செல்லும்," என்றார்.

அது செல்லவில்லை. நீலம் என்பது ஒரு நிறம். இயந்திரக் குரலுக்கு நிறத்தை வாசிக்கத் தெரியாது. பட்டை இறங்கும்போதெல்லாம் அது குழம்பிப் போய், ஒன்று பட்டியலை முதலிலிருந்து ஒப்பிக்கும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். எந்த வரியில் நிற்கிறோம் என்பது மட்டும் அவர் காதுக்கு வரவே வராது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மனதில் கணக்கு வைத்துக்கொண்டார். தொடங்கும்போது பட்டை முதல் வரியில், அழி என்பதில் நிற்கும். கீழே ஒன்று போனால் சேமி. அங்கே ஒரு என்டர். பேழையில் எந்தப் பிரிவு என்று கேட்கும்; பொது என்பது முதல் வரியாக இருக்கும்; இன்னொரு என்டர். டிங்.

கீழே ஒன்று, என்டர் இரண்டு. மாதக்கணக்காக அப்படியே ஓடியது.

4

என் தம்பி மகளின் மேசை நடுவரின் மேசைக்குப் பக்கத்தில். அவர் விரல்கள் அவள் கண்ணில் படும். ஒவ்வொரு பதிவு முடிந்ததும் அவர் ஒரு படி கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாளில் எத்தனை பதிவுகள், எத்தனை இறக்கங்கள். அவர் அதிகமாக எடுப்பது சேமி. அதை முதலில் வைத்தால் மனிதர் சும்மா என்டர் தட்டிக்கொண்டே போகலாமே.

ஒரு மத்தியானம் அவர் சாப்பிடப் போயிருந்தபோது சேமி என்ற வரியைத் தூக்கி அழி என்ற வரிக்கு மேலே வைத்தாள். சொல்லவில்லை. தானாகவே கண்டுபிடித்து, "யாரு இந்த வேலையப் பார்த்தது?" என்று அவர் கேட்கட்டும், சிரித்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். அன்பைச் சொல்லாமல் செய்ய வேண்டும் என்றுதான் எங்கள் வீட்டில் எங்களை வளர்த்தார்கள். என் தம்பி தன் பெண்ணையும் அப்படித்தான் வளர்த்திருக்கிறான்.

நடுவர் வந்தார். கை கழுவினார். டீச்சரின் கடைசி அத்தியாயத்தைக் கேட்டார். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"என்னண்ணா, செல்லுமா?" என்றாள் அவள்.

"செல்லுமாவா? மூக்கைச் சிந்திட்டு வரேன், இரு."

சிந்திவிட்டு வந்தார். இயந்திரக் குரல் பேசும் ஹெட்போன் கழுத்திலேயே கிடந்தது. கீழே ஒன்று.

[வாசகரே, இங்கே ஒரு நிமிடம் நிற்போம். இந்த இடத்தில் நான் மூன்று நாள் நின்றேன். அவர் விரலைப் பிடித்து நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். கெட்டில் விசிலடிக்கட்டும், தொலைபேசி மணி அடிக்கட்டும், நானே கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கலாம். எழுதுகிறவனுக்கு அதற்கு உரிமை உண்டு. எழுதியும் பார்த்தேன். கெட்டில் வி—]

என்டர். இந்த முறை திரை வேறு ஒன்று கேட்டது: உறுதியா? அதன் முதல் வரி: ஆம். எச்சரிக்கைக்காகத்தான் அதை அவள் வைத்திருந்தாள். நீலப் பட்டை சரியாக அந்த ஆமின் மேல் நின்றது. என்டர்.

டிங்.

நல்ல காரியத்துக்கும் கெட்ட காரியத்துக்கும் ஒரே மணிதான் வைத்திருந்தாள்.

5

மறுநாள் காலை நாவலை முழுதாகச் சேர்த்து வெளியிடலாம் என்று அவள் பேழையைத் திறந்தாள். கடைசி அத்தியாயம் இல்லை. நான் அப்போது அங்கே இருந்தேன், என் முறைக்குக் காத்துக்கொண்டு.

பதிவுக் கருவியில் ஒரு சின்ன நினைவு அட்டை இருக்கும். படித்ததைக் கணினிக்கு மாற்றியதும் அட்டையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். அவள் ஓடிப்போய் அதை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். டீச்சர் இருந்த இடத்தில் ஒரு முயல் துள்ளிக்கொண்டிருந்தது. குழந்தைகளுக்கான கதை. படித்திருந்தவன் நான்.

"அண்ணா, நேத்து டீச்சரோடதை என்ன பண்ணீங்க?"

"சேமிச்சேன்."

"எப்படிச் சேமிச்சீங்க?"

"இதென்ன கேள்வி? தினமும் பண்றது மாதிரிதான்." காற்றில் விரலால் செய்து காட்டினார். கீழே ஒன்று, என்டர் இரண்டு.

அவள் முகம் வெளுத்தது. "கீழ போனீங்களா? ஏன் போனீங்க? சேமி மேலதானே இருக்கு? பட்டை அதுமேலதானே நிக்குது?"

"மேலயா? எப்போலேருந்து?"

"நேத்து மத்தியானம். உங்களுக்காகத்தான் மாத்தினேன். நீங்க பார்க்..."

பார்க்கவில்லையா என்று கேட்கவந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். அந்த வார்த்தை அவள் வாயில் இருந்தபடியே அவளுக்குப் புரிய ஆரம்பித்தது.

"அண்ணா, அந்தப் பட்டை எங்க நிக்குதுன்னு உங்களுக்குச் சொல்லவே சொல்லாதா?"

"சொல்லாது."

"முதல் நாள்லேருந்தேவா?"

"முதல் நாள்லேருந்தே."

"அப்போ செல்லும்னு ஏன் சொன்னீங்க?"

நடுவர் கோப்பையைத் தேடி எடுத்தார். காபி ஆறிப்போயிருந்தது. "தங்கச்சி, நான் குரலைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்றவன். அன்னிக்கு எப்படி இருக்குன்னு கேட்டியே, அந்தக் குரலை நீ கேட்டிருக்கணும். அதைப் போய் எப்படிச் செல்லாதுன்னு சொல்றது?"

அவள் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவர் தடவிக்கொண்டே வந்து, அவள் தலை எங்கே என்று தெரியாமல் முதலில் விசைப்பலகையைத் தட்டிக்கொடுத்தார்.

6

இந்த இடத்தில் ஒரு முடிவு தயாராக இருந்தது. மிகவும் பிடித்துப் போய் நல்ல தாளில் எழுதிவைத்தேன்:

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அண்ணா! அழின்னு சொன்னா உண்மையா அழிக்கிறதில்ல. ஒரு மறைவான இடத்துக்கு நகர்த்தத்தான் எழுதியிருக்கேன்!" டீச்சரின் குரல் அங்கே பத்திரமாக—

படித்துக் காட்டினேன். என் தம்பி மகள் சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. "பெரியப்பா, அப்படி எழுதியிருக்கணும். அதுதான் முறை. ஆனா நான் எழுதல. அதையும் சேர்த்து எழுதுங்க."

"நல்லது நடந்தா என்னம்மா?"

"நடக்காத நல்லதை நடந்ததா எழுதினா, நாளைக்கு யாராவது நம்பி அழி மேல என்டர் தட்டுவாங்க."

நல்ல தாளைக் கிழித்துவிட்டேன்.

நடுவருக்கு வேறு குறை. "என்னை ரொம்ப நல்லவனாக்கிட்டீங்க சார். செல்லாது."

"நீங்க சொன்னதைத்தானே எழுதியிருக்கேன்?"

"நான் பாதிதான் சொன்னேன். அவ மனசு நோகக் கூடாதுன்னு நினைச்சது நிஜம். இன்னொண்ணும் நிஜம். அந்த ரூம்ல எல்லாரும் கை தட்டுறீங்க. எனக்கு மட்டும் இது ஆகாது, பழையது வேணும்னு சொல்லணும். எத்தனை இடத்துல அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு தெரியுமா? அன்னிக்கு ஒரு நாளாவது நானும் கை தட்டுறவங்களோட நிக்கலாம்னு தோணுச்சு."

இதைக் கேட்டபின் ஐந்தாம் பகுதியைத் திருத்த உட்கார்ந்தேன். திருத்தவில்லை. அவர் அன்று சொன்ன பாதி அங்கேயே இருக்கட்டும், மீதிப் பாதி இங்கே இருக்கட்டும். மனிதர்கள் உண்மையை அப்படித்தான் சொல்கிறார்கள், இரண்டு தவணையாக.

(அடியில் போட வேண்டிய ஒரு குறிப்பு: அன்பைப் பற்றி இதுவரை நிறைய எழுதியிருக்கிறேன். சின்னச் சின்ன நன்மைகள்தான் இந்த உலகத்தைத் தாங்குகின்றன என்பது என் நம்பிக்கை. இன்னும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் சொல்லாத இரண்டு நன்மைகள் ஒரே நடைபாதையில் எதிரெதிரே வந்தால் முட்டிக்கொள்ளும் என்பதை இந்த வயதில்தான் பார்த்தேன். ஒரு சின்னக் குரல் கொடுத்திருந்தால் போதும். வழியில் வருகிறேன் என்று.)

7

மறுபடி அந்தக் காலைக்கு வருவோம். அறுவை அடுத்த நாள் காலை. டீச்சர் மருத்துவமனையில். கடைசி அத்தியாயம் எங்கேயும் இல்லை.

"டீச்சர்கிட்ட இப்போ சொல்ல வேணாம்," என்றேன் நான். "அவங்க நிம்மதியா அறுவைக்குப் போகட்டும். அப்புறமா பார்த்துக்கலாம். கடைசி அத்தியாயத்தை நான் படிச்சுடறேன். கேக்கறவங்களுக்குப் புரியும்."

நல்ல யோசனை என்றுதான் எனக்குப் பட்டது. அன்பான யோசனை. என் தம்பி மகள்தான் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"பெரியப்பா, மறுபடியும் நல்லதுக்குன்னு சொல்லாம இருக்கிறதா? அதைத்தானே நாங்க ரெண்டு பேரும் பண்ணோம். அறுவைக்கு அப்புறம் சொன்னா அவங்களால என்ன பண்ண முடியும்? இன்னிக்குச் சொன்னா என்ன பண்றதுன்னு அவங்க முடிவு பண்ணலாம்."

"அவங்க உடம்புக்கு..."

"சார்," என்றார் நடுவர், "நாப்பது பேர் இருக்கிற கிளாஸ்ல அமிலத்தை வெச்சுக்கிட்டு நின்ன அம்மா அது. அவங்களை நீங்க கண்ணாடிச் சாமான் மாதிரி தூக்காதீங்க."

நான் தோற்றேன். தோற்றதில் எனக்கு அன்று வருத்தம், இன்று இல்லை.

மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கு முன் அவள் நடுவரின் கணினி முன் உட்கார்ந்தாள். இன்னொரு பதிவும் போய்விடக் கூடாது என்ற பதற்றம். நீலப் பட்டையை எடுத்துவிட்டாள். பழைய எண்களைத் திரும்பக் கொண்டுவந்தாள். மறுபடி கேள் என்பதை முதலில் வைத்தாள். தெரியாமல் விரல் பட்டால்கூட ஒரு நஷ்டமும் இல்லாத வரி அது. அழி என்பதைக் கடைசிக்குத் தள்ளினாள். அதற்கு எண் போதாது, அந்த வார்த்தையை முழுதாக அடிக்க வேண்டும். அதற்கு மட்டும் வேறு மணி. ஒவ்வொன்றையும் செய்யும்போதே வாய்விட்டுச் சொன்னாள். நடுவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்போ பாருங்கண்ணா. ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார். "எண்களுக்கு நடுவுல இன்னும் கொஞ்சம் நிறுத்திப் படிக்கச் சொல்லு. ரயிலைப் பிடிக்கப் போற மாதிரி ஓடுது."

அவள் மாற்றினாள். அவர் குறை சொன்னதில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அவர் கேட்டிருப்பார்.

கையடக்கமான பதிவுக் கருவி ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொள்ளலாமா என்று அவள் கேட்டாள்.

"எடுத்துக்கோ. பைக்குள்ள போட்டுக்கோ. வெளியே எடுக்காதே," என்றார் நடுவர். "அதைக் காட்டினா படிங்கன்னு கேக்கிற மாதிரி ஆயிடும்."

8

இனி வருவதில் நான் ஒரு வரியும் கூட்டவில்லை. குறைத்தது ஒன்று உண்டு. அது என்ன என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: முடிவு. அந்த நாவல் இப்போது முழுமையாகப் பேழையில் இருக்கிறது. கடைசி அத்தியாயம் யார் குரலில் என்பது வாரம் ஒருமுறை அங்கே போகிற எனக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். ஆனால் நடுவர் தடுத்துவிட்டார். "அது அவங்க என் கையில சொன்னது. உங்க தாள்ல சொன்னது இல்ல." இந்த ஒரு தீர்ப்புக்கு நான் தலைவணங்குகிறேன். அன்று நான் நின்ற இடத்தில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறேன். அங்கிருந்து எனக்கு எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவு உங்களுக்கும் தெரியும். மீதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகல். தரை துடைத்த மருந்து வாசனை. வார்டின் கடைசிக் கட்டில். டீச்சர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு. எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

நர்ஸ் வந்து நின்றார். "பார்க்கலாம். ஆனா அவங்க பேசக் கூடாது. நீங்க மட்டும் பேசுங்க."

நடுவரைக் கட்டிலோர நாற்காலியில் உட்கார வைத்தோம். என் தம்பி மகள் நின்றபடியே சொன்னாள். வரியை நகர்த்தியது, சொல்லாமல் நகர்த்தியது, எல்லாம். நடுவர் நடுவில் புகுந்து, "நானும் சொல்லாம இருந்தேன் டீச்சர். பட்டை தெரியாதுன்னு முதல் நாளே சொல்லியிருக்கணும்," என்றார். அவள், "இல்ல டீச்சர், தப்பு என்னோடது," என்றாள். அவர், "நீ சும்மா இரு," என்றார். யார் தவறு என்று இருவரும் கொஞ்ச நேரம் போட்டி போட்டார்கள்.

டீச்சரின் தோள்கள் குலுங்கின.

நடுவர் காதுக்குச் சத்தம் ஒன்றும் வரவில்லை. கட்டில் ஆடுவது மட்டும் தெரிந்திருக்கிறது. மெல்லக் கேட்டார்: "அழுறாங்களா?"

"இல்லண்ணா," என்றாள் அவள், தானும் அழுதுகொண்டே. "சிரிக்கிறாங்க."

டீச்சர் எட்டி நடுவரின் காதைப் பிடித்து ஒரு திருகு திருகினார்.

"ஐயோ டீச்சர். அது வேலைக்கான காது."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் தம்பி மகள் அவரிடம் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டாள். அவர் போய் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தார். "அவங்க இஷ்டம்னு சொல்லிட்டார். படிச்சா இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள, மெதுவா, நடுநடுவுல நிறுத்தி. படிக்காம இருந்தா தொண்டைக்கு நல்லது. ரெண்டையும் சொல்லச் சொன்னார். வீணா மட்டும் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

டீச்சர் பேச முடியாது. தலையாட்டினால் நடுவரால் பார்க்க முடியாது. என் தம்பி மகள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு நடுவரின் கையை எடுத்து, உள்ளங்கை மேலே தெரியும்படி, டீச்சரின் மடியில் வைத்தாள்.

"டீச்சர், நான் மூணு சொல்றேன். எது வேணுமோ அந்த எண்ணை அண்ணா கையில தட்டுங்க." நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், ரயிலைப் பிடிக்க ஓடாமல். "ஒண்ணு. இன்னிக்கு ஒண்ணும் செய்ய வேணாம், நீங்க ஓய்வா இருங்க. மத்ததை நாங்க பார்த்துக்கறோம்." கொஞ்சம் இடைவெளி. "ரெண்டு. கடைசி அத்தியாயத்தைப் பெரியப்பா படிக்கட்டும், நீங்க பக்கத்துல இருந்து அவரைத் திருத்துங்க." மறுபடி இடைவெளி. "மூணு. நீங்களே இன்னொரு தடவை படிக்கிறீங்க. அவசரமே இல்ல. எதுவும் தட்டலைன்னா ஒண்ணுன்னு எடுத்துக்கறேன்."

எந்த வரியை அவள் முதலில் வைத்தாள் என்பதைக் கவனித்தீர்களா? நான் கவனித்தேன். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னேன். மூன்றில் எதைத் தர வேண்டும் என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். எங்கள் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தார், வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதைப் போல. பிறகு இடது கையை நடுவரின் உள்ளங்கைக்கு மேல் குடையாகக் கவித்தார், பரீட்சையில் விடையைப் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டாமல் மறைப்பதைப் போல. அந்தக் குடைக்குள்ளே வலது கையின் விரல் அசைந்தது. எத்தனை முறை என்று எனக்குத் தெரியவில்லை.

நடுவர் தலையைச் சாய்த்து, பதிவு கேட்கும்போது உட்காருவாரே, அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு தட்டிய இடத்தை விட்டுவிடாமல் விரல்களை மெல்ல மூடிக்கொண்டார்.

"எந்த எண் அண்ணா?" என்றாள் அவள், ஒரு கையைப் பையின் மேல் வைத்தபடி.

"செல்லும்," என்றார் அவர்.